நடு மூடி

ஆபாவிடம் போய் எதற்கும் நேராகச் சரியான பதிலைச் சொல்லிவிட முடியாது. "அது கெடக்கட்டும், மொதல்ல எனக்கு ரெண்டு தப்பு சொல்லு" என்பார். ஒரு தப்பு கம்மியாக இருக்க வேண்டும், இன்னொரு தப்பு ஜாஸ்தியாக இருக்க வேண்டும். இரண்டும் கைக்கு வந்த பிறகுதான் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. வேலூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டதற்கு இப்படியொரு விசாரணை நடந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆம்பூரில் எங்கள் லேபில் எல்லோருக்கும் அவர் ஆபா, அவர்கள் பேச்சில் அக்கா என்று அர்த்தம். உருது பேசுகிற வீட்டுப் பெண், கணக்கில் எம்.எஸ்ஸி. படித்தவர். நான் ஆலங்காயம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், கெமிஸ்ட்ரி பட்டம். தோல் பதனிடுகிற டேனரிகளின் கழிவுத் தண்ணீர் எல்லாம் ரோட்டுக்கு அடியில் ஒரே பெரிய குழாயில் சேர்ந்து, ஊருக்கு வெளியே இருக்கிற சுத்திகரிப்பு பிளாண்டுக்கு வரும். டேனரி முதலாளிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து அந்த பிளாண்டை நடத்தினார்கள். அங்கே லேபில் நாங்கள் இரண்டு பேர்தான் பெண்கள். கணக்குப் படித்தவருக்குத் தண்ணீர் லேபில் என்ன வேலை என்று முதல் நாள் நானும் உதட்டைப் பிதுக்கினேன். அவருடைய அக்கா வீட்டுக்காரர் டேனரி முதலாளி, சங்கத்தில் இருக்கிறார், அவர் சொல்லி வந்த வேலை என்று பேசிக்கொண்டார்கள். அது உண்மையும்கூட. ஆபா அதை மறைத்ததே இல்லை.

வந்த வாரமே டீக்கடையில் என் மானத்தை வாங்கினார். பிளாண்ட் கேட்டுக்கு எதிரில் ஒரு கடை. "அண்ணே, சக்கர கம்மியா ஒண்ணு, ஜாஸ்தியா ஒண்ணு" என்றார். கடைக்காரர் ஆளுக்கொன்று என்று நினைத்து எனக்கு ஒரு கிளாசை நீட்டினார். ஆபா இரண்டையும் வாங்கிக்கொண்டு காலி கிளாஸ் ஒன்று கேட்டார். பாதிக்குப் பாதி ஊற்றிக் குடித்துப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் இனிப்புப் பக்கம் போவணும்" என்று இனிப்பு டீயை மறுபடி கலந்தார். அப்புறம் மறுபடி. கடையில் நின்றவர்கள் பேப்பரை மடித்துவிட்டு எங்களையே பார்த்தார்கள். கடைசியில் ஆபா தலையை ஆட்டி, "அண்ணே, இனிமே எனக்கு இதுதான் அளவு" என்றார்.

"ஆறிப்போனதாம்மா?" என்று கேட்டார் கடைக்காரர்.

எனக்குச் சிரித்து மாளவில்லை. ஆபாவும் சிரித்தார். ஆனால் மறுநாளிலிருந்து அவருக்கு அந்த அளவில்தான் டீ வந்தது, சூடாக.

டெய்லரிடமும் அப்படித்தான். இறுக்கிப் பிடிக்கிற ஒரு சட்டையையும் தொளதொளவென்ற ஒரு சட்டையையும் கொடுத்து, இரண்டுக்கும் நடுவில் தைக்கச் சொல்வார். பிரியாணிக்கு உப்பு பார்க்கிற விஷயத்தில் அவர் அக்காவே இவரை அடுப்பங்கரைக்குள் விடுவதில்லையாம். "இதெல்லாம் எங்க கத்துக்கினீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலைப் புரிந்துகொள்ள எனக்கு லேபில் பீக்கரைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது.

டேனரியிலிருந்து வருகிற சுண்ணாம்புத் தண்ணீர் காரமாக இருக்கும். அதில் ஆசிட் ஊற்றி நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். எவ்வளவு ஊற்றுவது? இரண்டு மடங்கு ஊற்றினால் இரண்டு மடங்கு குறையும் என்று இருந்தால் வேலை சுலபம். அது அப்படி நடக்காது. ஊற்ற ஊற்ற ஒன்றுமே ஆகாது, அசையாமல் கிடக்கும். பிறகு திடீரென்று ஒரு சொட்டில் தடாலென விழுந்துவிடும். நேர்கோட்டில் போகாத சமன்பாடு. அதற்கு நேராக விடை எழுத எந்தச் சூத்திரமும் கிடையாது.

"எனக்கும் தீக்கத் தெரியாது, யாருக்கும் தெரியாது" என்றார் ஆபா. ஒரு பீக்கரில் வேண்டுமென்றே கம்மியாக ஆசிட் விட்டார். லிட்மஸ் காகிதம் நீலமாகவே இருந்தது. இன்னொன்றில் வேண்டுமென்றே ஜாஸ்தியாக விட்டார். காகிதம் சிவந்தது. "இப்போ பாரு. இதுவும் தப்பு, அதுவும் தப்பு. ஆனா ஒண்ணு அந்தப் பக்கத்து தப்பு, ஒண்ணு இந்தப் பக்கத்து தப்பு. நடுவுல கோடு அறாம ஓடுதில்ல? அப்போ சரியான அளவு இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருந்தே ஆவணும். எங்கன்னு தெரியாது. ஆனா இருக்குன்னு நான் சத்தியம் பண்ணுவேன்."

பிறகு இரண்டுக்கும் சரிபாதியான அளவை மூன்றாவது பீக்கரில் விட்டார். நீலம் வந்தால் கம்மிப் பக்கத்தை அங்கே நகர்த்து, சிவப்பு வந்தால் ஜாஸ்திப் பக்கத்தை அங்கே நகர்த்து. மறுபடி பாதி. ஒவ்வொரு தடவையும் இடம் பாதியாகச் சுருங்கிக்கொண்டே வரும். அவ்வளவுதான் வித்தை. காலேஜ் புத்தகத்தில் இதற்கு இருசமக்கூறிடல் என்று பெயர் போட்டிருக்கிறார்கள். இருக்கிற முறைகளிலேயே மெதுவானது இதுதான் என்றும் அவரே சொன்னார்.

எங்கள் மேனேஜர் இளவட்டம், இன்ஜினியரிங் படித்தவர். அவருக்கு இந்த ஆமை வேகம் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டரில் தொடுகோட்டு முறையை வைத்து ஒரு கணக்கு போட்டு வைத்திருந்தார். ஓர் இடத்தில் நின்று கோட்டின் சரிவைப் பார்க்கிறது. அந்தச் சரிவிலேயே நேராக இறங்கினால் எங்கே போய்த் தொடுவோமோ அங்கே ஒரே தாவாகத் தாவுகிறது. அங்கிருந்து மறுபடி சரிவைப் பார்க்கிறது. பல நாள் அது நொடியில் விடை சொன்னது. ஒருநாள் மழைத் தண்ணீர் கலந்து வந்தபோது முதலில் டேங்க் டேங்காக ஆசிட் கேட்டது. அடுத்த தாவலில் மைனஸ் ஆசிட் கேட்டது.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "சார், மைனஸ் ஆசிட்டு நம்ம ஸ்டோர்ல இல்ல. ராணிப்பேட்டை கெமிக்கல் கம்பெனிங்கள்ல கேட்டுப் பாக்கட்டுமா?" என்றேன். லேபே சிரித்தது.

ஆபா சிரிக்கவில்லை. "சார் முறை தப்பு இல்ல. விடைக்குக் கிட்ட வந்துட்டா அதுக்கு ஈடா வேகம் எதுவும் கெடையாது. கோடு தட்டையா கெடக்குற எடத்துல நின்னு தாவுனா எங்க போயி விழும்னு யாராலயும் சொல்ல முடியாது. மொதல்ல நான் கிட்ட கொண்டாந்து விடுறேன், அதுக்கப்புறம் சார் தாவட்டும்" என்றார். அன்றிலிருந்து அப்படியே நடந்தது. மேனேஜர் என்னோடு மட்டும் கொஞ்ச நாள் பேசவில்லை.

தன் கல்யாணத்தைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார். அது நிலைக்காமல் போய் அக்கா வீட்டில் வந்து இருந்தார். மதியச் சாப்பாட்டு நேரம், நான் என் நாத்தனாருக்கு வந்த வரனைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பையன் தங்கம், விசாரித்த இடத்தில் எல்லாம் ஒரே மாதிரி நல்ல பேர் என்றேன். ஆபா ரொட்டியைப் பிய்த்தபடி, "எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. எல்லா வாயிலயும் ஒரே பதிலு. ஒருத்தர்கூட ஒரு கொறை சொல்லல. எல்லாம் ஒரே பக்கமா இருந்துச்சு, அப்பவே நான் பயந்துருக்கணும்" என்றார். என் டப்பாவிலிருந்த கத்திரிக்காய்க் குழம்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்றார்.

இப்படி இருந்தவருக்கும் எனக்கும் நடுவில் அந்தக் குரோம் தண்ணீர் வந்து சேர்ந்தது.

தோலைப் பதப்படுத்துகிற டிரம்மிலிருந்து வடிகிற குரோம் தண்ணீர் பச்சையும் நீலமுமாக இருக்கும், ஆசிட் தன்மை உள்ளது. அதைப் பொதுக் குழாயில் விடவே கூடாது. ஒவ்வொரு டேனரியும் தனியாகப் பிடித்து, குரோமைத் திரும்ப எடுத்துவிட்டுத்தான் மிச்சத்தை அனுப்ப வேண்டும். அந்த வருஷம் யாரோ அதை நேராகக் குழாயில் விட்டார்கள். பிளாண்டில் அழுக்கைத் தின்கிற நுண்ணுயிர்கள் தொட்டியோடு செத்து மிதந்தன. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, யார் என்று கண்டுபிடித்து அவர்கள் இணைப்பைத் துண்டிக்காவிட்டால் பிளாண்டையே மூடுவோம் என்றார்கள். பிளாண்ட் மூடினால் எல்லா டேனரியும் மூட வேண்டியதுதான். கண்டுபிடித்தால் அந்த ஒரு டேனரி மட்டும் மூட வேண்டும்.

ஊரில் ஆளுக்கொரு யூகம். சங்கத்தில் சிலர் சின்ன யூனிட்டுகளைச் சொன்னார்கள். சின்ன யூனிட்டுகள் பெரிய முதலாளிகளைக் கைகாட்டின. என் யூகம் ரயில்வே லைன் பக்கத்துப் பணக்காரர் ஒருவர். அவர் கார் ஒருதடவை என் மேல் சேற்றை அடித்துவிட்டுப் போனது, அது ஒன்றுதான் என் ஆதாரம். ஆபா யார் யூகத்தையும் காதில் வாங்கவில்லை. "ஆரம்பத்துலயே ஒருத்தர மனசுல வெச்சிட்டா கால் அங்கதான் போவும். எனக்கு ரெண்டு கோடி போதும்" என்றார்.

குழாயின் மேல் கோடியில் தண்ணீர் சுத்தம், அங்கே எந்த டேனரியும் சேரவில்லை. கீழ்க் கோடி எங்கள் பிளாண்ட், அங்கே தண்ணீர் கெட்டது. நடுவில் ரோடு நெடுக மேன்ஹோல் மூடிகள். ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனால் மாதக்கணக்காகும். எல்லோருக்கும் விஷயம் தெரிந்து, விடுகிறவரும் உஷாராகிவிடுவார். அதனால் நடு மூடியைத் திறப்பது. அங்கே தண்ணீர் கெட்டிருந்தால் ஆள் மேலே இருக்கிறார், நன்றாக இருந்தால் கீழே இருக்கிறார். பாதி ஊர் ஒரே வாளியில் கழிந்துவிடும். மேனேஜரே கைதட்டினார்.

நடு மூடி இருந்த இடம் பஜார் ரோடு. பகலில் அங்கே மூடியைத் திறந்து வைத்தால் லாரி, ஆட்டோ, ஷூ கம்பெனி பஸ் எல்லாம் நின்று பெரிய ரகளையாகும். மூடியைத் திறந்ததும் விஷவாயு போகக் கொஞ்ச நேரம் காற்றாட விட வேண்டும், யாரும் உள்ளே இறங்கக் கூடாது, கயிறு கட்டிய வாளியை மேலிருந்தே விட வேண்டும். இதற்கெல்லாம் ரோடு காலியாக இருக்க வேண்டும். "வெள்ளிக்கெழம ஜும்மா தொழுக டைம்ல போவலாம். கடையெல்லாம் சாத்திருப்பாங்க, ரோட்டுல காக்கா குருவி இருக்காது" என்று ஆபாதான் சொன்னார். அப்படியே போனோம். பிளாண்ட் ஆட்கள் இரண்டு பேர் மூடியை நெம்பினார்கள். வாளியில் கொஞ்சமாக, சாம்பல் நிறத்தில் சாதாரணக் கழிவுத் தண்ணீர் வந்தது. காகிதம் சிவக்கவில்லை. ஆபா பாட்டிலில் பிடித்துக்கொண்டார். ஆள் கீழ்ப் பாதியில் என்று முடிவானது.

அதற்கப்புறம் திறந்த மூடிகள் தெருக்களுக்குள் இருந்தன, எந்த நேரமும் திறக்கலாம். கீழ்ப் பாதியின் நடுவில் திறந்தோம். பச்சைத் தண்ணீர். கெட்டது. அப்படியானால் அதற்கு மேலே. மிச்சத்தில் பாதி திறந்தோம். கெட்டது. மறுபடி பாதி. கெட்டது. இடம் சுருங்கச் சுருங்க நான் மிச்சமிருந்த மூடிகளை எண்ண ஆரம்பித்தேன். ஏனென்றால் அந்தப் பக்கத்தில்தான் என் வீட்டுக்காரர் சூப்பர்வைசராக இருந்த சின்ன டேனரி. கடைசியில் நடு மூடிக்கும் அதற்கு அடுத்த மூடிக்கும் இடையில் வந்து நின்றது. அந்த இடத்தில் ஒரே ஒரு இணைப்புதான் உண்டு. எங்களுடையது.

வீட்டில் அவரைப் பிடித்து உலுக்கினேன். "புள்ளைங்க மேல சத்தியமா நாங்க விடலடி. குரோம் தண்ணி தனி தொட்டிக்குத்தான் போவுது, நானே வால்வு தொறக்குறேன்" என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் காது சிவந்துவிடும். காது சிவக்கவில்லை. மறுநாள் ஆபாவிடம் போய் அப்படியே சொன்னேன். இணைப்பைத் துண்டித்தால் அந்த முதலாளியால் மறுபடி எழ முடியாது, வேலை செய்கிற அத்தனை பேரும் தெருவுக்கு வருவோம், நீங்கள் கொஞ்சம் அவர் வார்த்தையை நம்பக் கூடாதா என்று கேட்டேன்.

ஆபா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான். ஆனா இதுல நம்புறதுக்கு எடமே இல்லயே பொண்ணு. தண்ணி சொல்றத நான் எழுதுறேன்" என்றார்.

"எங்க வீட்டுச் சோத்த தின்னுட்டு எங்க அடுப்பயே அணைக்கிறீங்களா?" என்று கத்திவிட்டேன். லேபில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்று மதியம் வழக்கம்போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. இந்தப் பெண்ணுக்கு நெஞ்சில் இருப்பது இதயமா, இல்லை, எங்கள் லேப் தராசா என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்.

சங்கத்துக் கூட்டம் நடக்கிற நாள் வந்தது. காலையிலிருந்து ஆபா ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு காகிதத்தில் நீளமாகக் கோடு போட்டு, திறந்த மூடிகளைப் புள்ளி வைத்திருந்தார். திடீரென்று பேனாவை வைத்துவிட்டு, "இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனேன்.

"இத பாரு. ரெண்டு பக்கமும் மாறி மாறி நகர்ந்துதான் பழக்கம். இதுல கீழ்ப் பக்கம் மட்டுந்தான் நகர்ந்துகினே வந்துருக்கு. மேல் பக்கம் நடு மூடியிலயே குந்திகினு கெடக்கு. அதுக்கப்புறம் தொறந்தது எல்லாமே கெட்டது, கெட்டது, கெட்டது."

"அதான் எங்க தலையில வந்து முடிஞ்சிட்டிச்சே" என்றேன்.

"நெசமாவே அங்க இருந்தாலும் இப்படி வரும். ஆனா அந்த நடு மூடித் தண்ணி தப்பா இருந்தாலும் அச்சு அசலா இப்படியேதான் வரும். நான் எத்தினி தடவ பாதி பண்ணாலும் அது மேலயே போயி ஒட்டிக்கும். எல்லா பாரமும் அந்த ஒரு வாளி மேல நிக்குது." நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு எதையோ நினைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அத எப்போ எடுத்தோம்?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கெழம. நீங்கதானே ஆபா, ஜும்மா டைம்ல ரோடு காலியா இருக்கும்னீங்க."

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்குத் தலையில் உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. மேல் பாதியில் இருக்கிற டேனரிகளில் வெள்ளிக்கிழமை மதியம் டிரம்மை நிறுத்திவிட்டு முதலாளி, தொழிலாளி எல்லோரும் தொழுகைக்குப் போய்விடுவார்கள். ரோட்டில் ஆள் இல்லை என்றால் டிரம்மிலும் ஆள் இல்லை. யாரும் எதையும் வடிக்காத நேரத்தில் போய்க் குழாயைப் பார்த்துவிட்டு, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம்.

"அய்யோ அல்லா" என்றார் ஆபா. "வாரா வாரம் எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு ஜும்மாவுக்கு ஜிப்பா எடுத்து வெக்கிறவ நானு. எனக்குத் தோணாம போச்சே."

நான் குதித்தேன். வெட்கமில்லாமல் அவர் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினேன். எங்கள் டேனரி தப்பித்தது என்ற ஒரே நினைப்புதான். ஆபா மட்டும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்தக் காகிதத்தில் நடு மூடிக்கு மேலே இருந்த பாதிக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பாதியில் யார் யார் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் நானும் நினைத்தேன். அவர் அக்கா வீட்டுக்காரரின் டேனரி அங்கேதான் இருந்தது. ஆபா எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "சலோ, கூட்டத்துக்கு நேரமாச்சு" என்றார்.

கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் நின்றேன். முன்வரிசையில் அவர் அக்கா வீட்டுக்காரரான அந்த மச்சானும் உட்கார்ந்திருந்தார், வெள்ளைச் சட்டை, அமைதியான மனிதர். ஆபா எழுந்து நின்று, "நான் கண்டுபுடிச்ச விடை தப்பு" என்றார். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார். சில பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்னம்மா, கணக்கு தப்பாவுமா?" என்று ஒருவர் கேட்டார்.

"கணக்கு தப்பாவல ஜீ. கணக்குக்கு நான் குடுத்த தண்ணி தப்பு. எல்லா டிரம்மும் ஓடுற நாள்ல நடு மூடிய மறுபடியும் தொறக்கணும். ரோட்ட அடைச்சிட்டாவது தொறக்கணும்."

மச்சான் அப்போது தலையைத் தூக்கி ஆபாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். ஆபாவுக்கும் விளங்கியிருக்கும். அவர் உட்காரவில்லை, எல்லோரும் சரி என்று சொல்கிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார்.

செவ்வாய்க்கிழமை போலீசை வைத்து பஜார் ரோட்டை அடைத்து நடு மூடியைத் திறந்தோம். ஆட்டோக்காரர்கள் எங்கள் பரம்பரையையே திட்டினார்கள். வாளி பச்சையாக வந்தது. மேல் பாதிக்குப் போனோம். முதலில் திறந்த மூடி நன்றாக இருந்தது, அடுத்துத் திறந்தது கெட்டது, அதற்குப் பிறகு திறந்தது நன்றாக இருந்தது. இந்தத் தடவை இரண்டு பக்கமும் நகர்ந்து நகர்ந்து வந்து, அவர் அக்கா வீட்டுக்காரரின் டேனரி வாசலில் முடிந்தது. கடைசி வாளியைத் தூக்கியபோது ஆபா காகிதத்தை என்னிடம் கொடுத்து, "நீ பாரு" என்றார். பார்த்துச் சொன்னேன்.

அந்த மச்சான் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். குரோம் தொட்டியின் பம்ப் கெட்டுப்போயிருந்தது. பார்ட்ஸ் வருகிற வரைக்கும் என்று வால்வைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். வருகிற வரைக்கும், வருகிற வரைக்கும் என்று நாள் ஓடிவிட்டது. இணைப்பைத் துண்டித்தார்கள். வெகுநாள் கழித்து, எல்லாம் சரிசெய்த பிறகு திரும்பக் கொடுத்தார்கள். அதற்குள் அவருடைய ஆர்டர்கள் எல்லாம் வேறு கைக்குப் போய்விட்டன.

அந்த வீட்டில் யாரும் ஆபாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒருநாள் அவர் அக்கா தட்டில் சோற்றைப் போட்டபடி சொன்னாராம்: "அவரு ஒண்ணும் சொல்லல. நான் சொல்றேன். நீ வேற எடம் பாத்துக்கோ." இதை என்னிடம் சொல்லும்போது ஆபாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வாலாஜாபேட்டை பக்கத்தில் ஒரு காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைத்தது. ஹாஸ்டலிலேயே தங்க இடம்.

பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். என் வீட்டுக்காரரும் வருகிறேன் என்றார், காலில் விழப்போகிறேன் என்று வேறு சொன்னார். கூட்டம் சேர்க்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெட்டியும் ஒரு பையும் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் அழுதேன். எங்கள் வீடு உங்களால்தான் நிற்கிறது, என்றைக்கும் மறக்கமாட்டேன் என்று ஏதேதோ சொன்னேன். அவர் வேண்டாம் என்பதுபோலக் கையை அசைத்தார்.

"நன்றி சொல்லாத. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், அதுக்கப்புறம் சொல்றியா பாரு" என்றார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னிக்கு ரிப்போர்ட் எழுதும்போது அந்தக் கோட்ட பாக்காமயே இருந்துருக்கலாமேன்னு நெனைக்காத நாள் இல்ல. எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அக்கா டீ போட்டுக் குடுத்துருப்பா. இப்பக்கூட அப்படித்தான் நெனச்சிகினு இருந்தேன், நீ அழுவும்போது."

எனக்குச் சுருக்கென்றது. அவர் ஆசைப்பட்ட அந்த நாளில் என் வீட்டுக்காரர் தெருவில் நின்றிருப்பார், என் பிள்ளைகள் பட்டினி கிடந்திருக்கும். அது அவருக்கும் தெரியும், தெரிந்துதான் என்னிடம் சொல்கிறார். வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் என்ன ஆட்டம் ஆடியிருப்பேன் என்று எனக்கே தெரியும். ஆனால் கோபம் வரவில்லை. வாலாஜா பஸ் வந்து நின்றது, கண்டக்டர் கத்த ஆரம்பித்தார். நான் பெட்டியைத் தூக்கினேன்.

"உங்க எடத்துல நான் இருந்துருந்தா பாத்தும் பாக்காத மாதிரி மூடி வெச்சிருப்பேன் ஆபா" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லி, என் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஏறினார்.